மூன்றாம் வரியில் நீங்கள் விட்ட மூச்சு

தாராவியில் பாதிப் பேருக்கு அண்ணனாகவும் எனக்கு மட்டும் அத்தானாகவும் இருந்த, என் பிரியத்துக்குரிய ஆசீர் அத்தானுக்கு,

நீங்கள் போய் ஓராண்டு ஆகப் போகிறது. சபை மலரில் உங்களுக்கு ஒரு கடிதம் வர வேண்டும் என்று கமிட்டியில் பேச்சு எழுந்ததும், எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. நான் நாலு புத்தகம் படித்தவன், உங்கள் மனைவியின் தம்பி, ஞாயிறுதோறும் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கீபோர்டு வாசித்தவன். உங்களைப் பற்றி நல்லதாகவே எழுத வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்கள். முயற்சி செய்கிறேன்.

முதலில் உங்கள் கடைச் செய்தி. நீங்கள் ஊருக்கு ரயில் டிக்கெட் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த இடத்தில் இப்போது மொபைல் கவர் விற்கிறார்கள். கடைக்காரர் உத்தரப் பிரதேசத்து மனிதர். இன்னும் வாரத்துக்கு நாலு பேர் திருநெல்வேலி டிக்கெட் கேட்டு வந்து நிற்கிறார்களாம். “ஆசீர் பாய் நஹீ ரஹே”, அவர் போய்விட்டார், என்று சொல்லிச் சொல்லி, உங்களை ஒரு முறைகூடப் பார்க்காத அவருக்கே துக்கம் வந்துவிட்டது. நான் உங்கள் மச்சினன் என்று தெரிந்ததும் ஸ்டூல் போட்டுச் சாயா வாங்கிக் கொடுத்தார். அந்தச் சந்தில் இத்தனை வருஷமாக நடக்கிறேன். என் பேருக்காக ஒருவரும் சாயா வாங்கிக் கொடுத்ததில்லை.

உங்கள் அடக்க ஆராதனைக்கு வந்த கூட்டத்தைப் பார்த்து எனக்குப் பொறாமை வந்தது என்று எழுதினால் மலர்க் குழு வெட்டிவிடும். வெட்டட்டும். தொண்ணூறடி ரோட்டில் வண்டி திரும்ப இடமில்லாமல் நின்றது. நீங்கள் தட்கலில் டிக்கெட் பிடித்துக் கொடுத்ததால் அம்மாவைக் கடைசியாக உயிரோடு பார்த்தவர்கள், தங்கச்சி கல்யாணத்துக்கு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தவர்கள், எல்லாரும் நெற்றியில் திருநீறோடும் குங்குமத்தோடும் நம் கோவில் வாசலில் நின்று அழுதார்கள். நான் அழுதுகொண்டேதான் ஒரு கணக்குப் போட்டேன். நான் போனால் இன்சூரன்ஸ் ஆபீஸ் ஆட்கள் வாட்ஸாப்பில் கும்பிடு போட்டுவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போவார்கள். நான் குடியிருக்கும் திலக் நகர் கட்டடத்தில் லிஃப்ட் பக்கம் ஒரு பேப்பர் ஒட்டுவார்கள். அதிலும் என் பெயரைத் தப்பாக எழுதுவார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் நன்றாகப் பாடுகிறவர் இல்லை அத்தான்.

இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. நம் கோவிலில் பாடகர் குழு கிடையாது. யாராவது ஒருவர் முதல் வரியை எடுப்பார், மற்றவர்கள் பின்னால் சேர்ந்துகொள்வார்கள். நான் கீபோர்டில் சுதி கொடுக்க வேண்டும், நீங்கள் அதைக் கேட்டு எடுக்க வேண்டும். அதுதான் ஒழுங்கு. என் விரல் கட்டையைத் தொடுமுன்னே நீங்கள் தொடங்கிவிடுவீர்கள். உங்கள் சுதி எங்கே போகிறதோ அங்கே நான் ஓடி வர வேண்டும். நான் பரீட்சை எழுதி இசை படித்தவன். நீங்கள் ரயில் அறிவிப்பைக் கேட்டுக் குரல் வளர்த்தவர். சபை உங்கள் பின்னால்தான் வந்தது.

அதிலும் அந்தத் திருவிருந்துப் பாட்டு. மாதத்தின் முதல் ஞாயிறு, அப்பமும் திராட்சை ரசமும் வாங்க ஜனங்கள் எழுந்து போகும்போது பாடுகிற பாட்டு. மூன்றாம் வரி நீளமானது. அதன் நட்ட நடுவில், ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் இடையில், உங்களுக்கு இழுப்பு வந்துவிடும். நின்றுவிடுவீர்கள். ஒரு பெரிய மூச்சு, அதன் வாலில் ஒரு சின்ன மூச்சு. பிறகு ஒன்றுமே நடக்காதது போல மிச்ச வரியைப் பாடுவீர்கள்.

உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா, ஒருநாள் கோவில் படியில் வைத்து உங்களிடம் மரியாதையாகவே சொன்னேன்.

“அத்தான், அந்த இடத்துல நிறுத்தம் கிடையாது. நோட்ல இல்ல.”

“நோட்டு எழுதுனவனுக்கு வீசிங் இருந்திருக்காது மாப்ள.”

“முந்தின வரியிலேயே மூச்சைச் சேத்து வச்சுக்கிட்டா என்ன?”

“மூச்சுக்கு ரிசர்வேஷன் கிடையாதுலே. எல்லாம் ஜெனரல் டப்பாதான்.”

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் சொன்னது சரி, நீங்கள் சொன்னது வேடிக்கை. அவர்கள் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த இழுப்பால் என்ன நடந்தது என்று ரூபி அக்கா உங்கள் அடக்கத்துக்குப் பிறகுதான் எனக்கு விளக்கினார். பெண்கள் பக்கம் முதல் பெஞ்சில் உட்கார்ந்து என்னை ஞாயிறுதோறும் சந்தேகத்தோடு பார்க்கும் அதே ரூபி அக்கா. ஆரம்பத்தில் நம் சபையில் ஒவ்வொரு ஊர்க்காரரும் தம் ஊர் வேகத்தில் பாடினார்களாம். சாத்தான்குளத்துக்காரர்கள் ஆமென் சொல்லும்போது நாசரேத்துக்காரர்கள் கடைசிச் சரணத்தில் நிற்பார்கள். யார் வேகம் சரி என்று வெளியே வந்து சண்டை. ஒரே பாட்டைப் பாடிவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வீட்டுக்குப் போவார்கள்.

“அப்பத்தான் உங்க அத்தான் பாட்டு எடுக்க வந்தாவ. மூணாவது வரில மூச்சு முட்டிட்டு நின்னாவ. ஐயோ பாவம்னு எல்லாரும் நின்னோம். முன்னால போனவனும் நின்னான், பின்னால வந்தவனும் வந்து சேந்தான். அவிய மூச்சு விட்டதும் எல்லாரும் ஒண்ணாப் புறப்பட்டோம். அன்னைக்குத்தான் தம்பி, நாங்க ஒரு சபையா பாடினோம்.”

ஒற்றுமைக்காக உபவாசம் இருந்தார்கள், கமிட்டி போட்டார்கள், பேசிப் பேசிப் பார்த்தார்கள். கடைசியில் காரியத்தை முடித்தது உங்கள் நெஞ்சுச் சளி. இதைக் கேட்டபோது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? என்னுடைய நுரையீரல் நன்றாக வேலை செய்கிறது. அதனால் சபைக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.

நீங்கள் போன பிறகு பாட்டு எடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. யாரும் கொடுக்கவில்லை, கீபோர்டுக்கு மிக அருகில் நான்தான் இருந்தேன். முதல் திருவிருந்து ஞாயிறு வந்தது. துக்கத்தின் நடுவிலும் எனக்குள் ஒரு சின்ன நிம்மதி இருந்ததை மறைக்க மாட்டேன். இனி மூன்றாம் வரி, எழுதியபடி, ஒரே ஓட்டமாக.

நான் போனேன். சபை நின்றது.

ஒட்டுமொத்தச் சபையும் நின்றது அத்தான். ஒரு பெரிய மூச்சு, ஒரு சின்ன மூச்சு. உங்கள் இழுப்பின் வால் உள்பட அத்தனை பேரும் இழுத்தார்கள். என் கீபோர்டு மட்டும் தனியாகப் போய், பஸ் நின்ற பிறகும் சத்தமாகப் பேசிக்கொண்டிருக்கிறவனைப் போல, எல்லோர் காதிலும் விழுந்தது. ரூபி அக்கா என்னைப் பார்த்த பார்வையில், அவசரத்துக்குப் பிறந்தவன் என்று எழுதியிருந்தது.

அடுத்த மாதம் சத்தத்தைக் கூட்டி வைத்து வாசித்தேன். இன்னும் அழுத்தமாக நின்றார்கள். கோவண்டிக்கு வீடு மாறிப் போனவர்கள், தாணே பக்கம் போனவர்கள் எல்லாம் முதல் ஞாயிறுக்கு எப்படியோ வந்துவிடுகிறார்கள். தண்டவாள வேலைக்காக வண்டிகளை நிறுத்திவைக்கும் மெகா பிளாக் அன்றும் குர்லாவில் இறங்கி, வண்டி மாறி, சயானில் நெரிசலில் பிதுங்கி வந்து, அந்த வரியில் நிற்கிறார்கள். தமிழ் வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் நிற்கிறார்கள். திரையில் பாட்டு வரிகளைப் போடுகிற ஷைனிக்குத் தமிழ் எழுத்து வராது என்று உங்களுக்குத் தெரியும், காதில் விழுந்ததை இங்கிலீஷ் எழுத்தில் அடித்து வைத்திருக்கிறாள். மூன்றாம் வரியின் நடுவில் மூன்று புள்ளி.

“ஷைனி, அந்தப் புள்ளி எதுக்கும்மா?”

“அங்கிள், வஹான் ருக்னா ஹை நா? எல்லாரும் அங்க நிப்பாங்கல்ல?”

“புத்தகத்துல இல்லையே.”

“அப்ப புக்ல மிஸ்டேக், அங்கிள்.”

ஜூனில் புதுப் போதகர் வந்தார். இளவயது, ஊரிலிருந்து நேராக வந்தவர், உங்களை அறியாதவர். அந்த நிறுத்தத்தைக் கேட்டு உருகிப் போனார். அடுத்த வாரம் பிரசங்கமே அதுதான். எந்தச் சபையிலும் காணாத பழம்பெரும் வழக்கம் என்றார். கல்வாரியை நினைக்கும்போது மனுஷனின் வார்த்தை தீர்ந்துபோகிற இடம், அந்த இடத்தில் இந்தச் சபை மௌனமாகிறது என்றார். ஜனங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். தாங்கள் இவ்வளவு ஆழமாக ஒன்றைச் செய்துகொண்டிருந்தது அவர்களுக்கும் அன்றுதான் தெரிந்தது. நான் கீபோர்டின் பின்னால் உட்கார்ந்து, உங்கள் சட்டைப் பையில் எப்போதும் துருத்திக்கொண்டிருக்கும் அந்த நீல நிற இன்ஹேலரை நினைத்துக்கொண்டேன். ஒரு மனிதனுக்கு இருமல் வந்தால்கூட அது இறையியலாக வேண்டுமா?

இது வரைக்கும் என் வயிற்றெரிச்சல். இனி வருவது வேறு.

கிரேஸ் அக்கா திருவிருந்துக்கு வருவதில்லை என்பதை நான் தாமதமாகத்தான் கவனித்தேன். மற்ற ஞாயிறுகளில் வருகிறாள், கடைசிப் பெஞ்சில் உட்காருகிறாள், முடிந்ததும் போய்விடுகிறாள். முதல் ஞாயிறு மட்டும் ஆள் இல்லை. இப்படியே மாதங்கள் போயின. ஒரு சாயங்காலம் ஆபீஸ் விட்டு நேராக உங்கள் வீட்டுக்குப் போனேன். அக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“ஏங்க்கா திருவிருந்துக்கு வர்றதில்ல?”

“முட்டி வலி.”

“முட்டிக்கும் முதல் ஞாயித்துக்கிழமைக்கும் என்ன சம்பந்தம்?”

“உனக்கு ஆபீஸ்ல வேலையே கிடையாதாடா? கேள்வி கேக்க இங்க வந்துட்ட.”

நான் போகவில்லை. அவள் வெங்காயத்தை முடித்தாள், தக்காளியை எடுத்தாள், வைத்தாள்.

“ஏல, ஆஸ்பத்திரில கடைசில அவிய எப்படி மூச்சு விட்டாவன்னு உனக்குத் தெரியுமா? நீங்க எல்லாரும் வெளிய நின்னீங்க. உள்ள நான் மட்டுந்தான். ஒரு பெரிய மூச்சு, பொறவு ஒரு சின்ன மூச்சு. அடுத்தது வருமா வருமான்னு கையைப் பிடிச்சிட்டு உக்காந்திருந்தேன். இப்ப கோவிலுக்கு வந்தா, நூறு பேரு சேந்து அதையே விடுதாவ. உங்களுக்கு அது ராகம். எனக்கு அது அந்த ரூமு.”

பிறகு, கத்தியைக் கழுவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: “திருவிருந்து எடுக்காம இருக்கதும் ஒரு மாதிரியாத்தான் இருக்கு. பசிக்கது மாதிரி. என்ன செய்ய?”

அத்தான், அந்த நேரத்தில் என் மனசு இருந்த நிலையை உங்களுக்குச் சொல்கிறேன். பாவம் என்றுதான் முதலில் நினைத்தேன். அதற்கு ஒட்டினாற்போலவே இன்னொன்றும் வந்தது: இனி அந்த நிறுத்தத்தை நீக்க எனக்கு நியாயமான காரணம் கிடைத்துவிட்டது. இரண்டும் ஒரே ரயிலில் வந்து இறங்கின. எது முதல் வகுப்பு, எது இரண்டாம் வகுப்பு என்று நான் விசாரிக்கவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் பயிற்சி வைத்தேன். முன்பும் ஒருமுறை வைத்தேன். அப்போது ரூபி அக்கா, “அந்த இடத்துல நிக்காமப் போனா, தாதர்ல நிக்காமப் போற ஃபாஸ்ட் வண்டி மாதிரி இருக்கு தம்பி, அவனவன் எங்கன்னு இறங்குவான்?” என்று கேட்டு, வடையைத் தின்றுவிட்டு, கூட்டத்தோடு எழுந்து போய்விட்டார். இந்த முறை நான் சுருதி, தாளம் ஒன்றும் பேசவில்லை. அக்கா சொன்னதை மட்டும் சொன்னேன்.

போதகர் ஐயாதான் முதலில் வாய் திறந்தார்.

“அப்போ... அது ஆஸ்துமாவா?”

“ஆமாங்கய்யா.”

“நான் பிரசங்கம் பண்ணினேனே.”

“பிரசங்கம் நல்ல பிரசங்கம் ஐயா. நோய்தான் வேற.”

ரூபி அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்தார். “ஏய்யா, இதை முதல்லயே சொல்ல வேண்டியதுதான? அவ உள்ள வராம வெளிய நிக்கா, நாம இங்க உக்காந்து மூச்சு விட்டுக்கிட்டு இருக்கோம். வாசி தம்பி. நிக்காமப் போவோம்.”

நான் எத்தனை மாதமாகக் கேட்டேன்? சத்தத்தைக் கூட்டினேன், வடை வாங்கினேன், புத்தகத்தைக் காட்டினேன். அசையாதவர்கள், உங்கள் மனைவி பேரைச் சொன்னதும் ஒரு நிமிஷத்தில் அசைந்தார்கள். அதாவது அதுவும் உங்களுக்காகத்தான். நான் வாசித்தேன். நின்று பழகிய உடம்பு எளிதில் கேட்கவில்லை. ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டார், இன்னொருவர் பக்கத்தில் இருந்தவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார், அந்த இடம் வந்ததும் எல்லோரும் தண்ணீருக்குள் முங்குகிறவர்களைப் போல முகத்தை வைத்துக்கொண்டு கடந்தார்கள். ஒரு வழியாகப் போனது. ஷைனி புள்ளிகளை அழித்தாள். அழிக்கும்போது, “சாரி, ஆசீர் அங்கிள்” என்று திரையைப் பார்த்துச் சொன்னாள்.

அக்காவிடம் போய், இந்த மாதம் வா, அது இருக்காது என்றேன். “யாருகிட்ட சொன்ன?” என்று முறைத்தாள். வந்தாள். கடைசிப் பெஞ்சில், சுவரோரம்.

அந்தப் பாட்டு வந்தது. முதல் வரி நன்றாகப் போனது. இரண்டாம் வரியும். மூன்றாம் வரியில் நான் ஒரு காரியத்தை மறந்துவிட்டது எனக்கு உறைத்தது: கோவண்டிக்காரர்களும் தாணேக்காரர்களும் சனிக்கிழமைப் பயிற்சிக்கு வரவில்லை. அவர்களுக்கு யாரும் சொல்லவும் இல்லை.

தாராவி போனது. கோவண்டி நின்றது. போனவர்கள், நின்றவர்களைப் பார்த்து நின்றார்கள். நின்றவர்கள், போனவர்களைப் பார்த்து ஓடி வந்தார்கள். தாணே எந்தப் பக்கம் என்று தெரியாமல் முதல் வரிக்கே திரும்பிப் போனது. ரூபி அக்கா எல்லோரையும் கடந்து தனியாகப் போய், அங்கே யாரும் இல்லாததைக் கண்டு திரும்பி வந்தார். என் கீபோர்டில் எந்த விரல் எங்கே இருந்தது என்று எனக்கே தெரியாது. நம் பெரியவர்கள் ஊருக்கு ஒரு வேகம் வைத்துப் பாடிய காலம் ஒரே வரியில் திரும்பி வந்துவிட்டது. பாட்டு செத்தது. பீடத்தின் முன்னால் முழங்கால் போட்டிருந்தவர்கள் அப்படியே இருந்தார்கள். போதகர் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்கவும் கொடுக்கவும் முடியாமல் நின்றார்.

அந்த அமைதியில் ஒரு சத்தம் கேட்டது. அக்கா சிரித்தாள்.

முந்தானையை வாயில் திணித்துக்கொண்டுதான் சிரித்தாள். ஆனாலும் கேட்டது. கடைசிப் பெஞ்சில் தோள் குலுங்குவது தெரிந்தது. அழுகிறாள் என்று நினைத்து ரூபி அக்கா எழுந்தார். அதற்குள் அக்கா முந்தானையை எடுத்துவிட்டு, உட்கார்ந்தபடியே, அந்த மூன்றாம் வரியை எடுத்தாள்.

அவள் குரல் உங்களுக்குத் தெரியும். கீழே கிடக்கும், கொஞ்சம் கரகரக்கும். யாருக்கும் பின்னால் பாடித்தான் பழக்கம், அதுவும் உங்களுக்குப் பின்னால். சுதி எங்கோ கிடந்தது. நான் பொத்தானைத் தட்டித் தட்டிச் சுதியைக் கீழே இறக்கி, அவளைத் தேடிப் பிடிப்பதற்குள் அவள் வரியின் பாதியைத் தாண்டிவிட்டாள். நீங்கள் நின்ற இடத்தில் அவள் நிற்கவில்லை. அதைத் தாண்டிப் போனாள். வரி முடிய இரண்டு சொல் இருக்கும்போது, அவளுக்கு மூச்சு தீர்ந்தது. அங்கே நின்றாள். சாதாரண மூச்சு. காய்கறிப் பையோடு மாடிப்படி ஏறுகிறவர்கள் விடுகிற மூச்சு.

தாராவி நின்றது. கோவண்டி நின்றது. தாணேயும் வந்து சேர்ந்தது. அவள் மூச்சை எடுத்தாள், எல்லோரும் எடுத்தார்கள், சேர்ந்து புறப்பட்டார்கள். நான்காம் வரியில் பாட்டு என்ன பாட்டு! சுவர் அதிர்ந்தது. பாட்டு முடியும் முன்பே அக்கா எழுந்து பீடத்துக்குப் போய் முழங்காலிட்டாள். போதகர் அவள் கையில் அப்பத்தை வைத்தார். உங்களுக்கு நான் முக்கியமாகச் சொல்ல வேண்டிய செய்தி அதுதான். அவளுக்கு இப்போது பசி இல்லை.

ஆராதனை முடிந்து வெளியே சாயா குடிக்கும்போது அவள் என்னிடம் வந்தாள். நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். “என்னலே வாசிக்க? ஆள் பாடுத சுதிக்கு வந்து சேரத் தெரியாதா?” என்றாள். அவ்வளவு நாள் கழித்து அவள் என்னைத் திட்டியது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, அடுத்த நிமிஷம் ரூபி அக்கா வரும் வரை. ரூபி அக்கா சாயாவை ஆற்றிக்கொண்டே, எல்லோருக்கும் கேட்கும்படி, “இனிமே கிரேஸே பாட்டு எடுக்கட்டும்” என்றார். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். என்னை ஒருவரும் கேட்கவில்லை. நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன், கையில் பிஸ்கட்டோடு.

இப்போது உங்கள் மனைவிதான் பாட்டு எடுக்கிறாள். சபை அவள் பின்னால் வருகிறது. ஆக, முதலில் அத்தான், பிறகு அக்கா. ஒரே வீட்டில் இருவர். நான் அந்த வீட்டுக்குப் பெண் கொடுத்தவன் என்ற மரியாதையாவது வேண்டாமா?

இன்னொரு செய்தி இருக்கிறது. அதை எப்படிச் சொல்வதென்று இந்தக் கடிதத்தின் முதல் வரியிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் நிறுத்தம் போய்விட்டது அத்தான்.

யாரும் தீர்மானம் போட்டு எடுக்கவில்லை. அக்கா அங்கே நிற்பதில்லை, அதனால் சபையும் நிற்பதில்லை. கோவண்டிக்காரர்கள் இரண்டு மாதம் தடுமாறினார்கள், பிறகு பழகிவிட்டார்கள். ஷைனி மூன்று புள்ளிகளை வரியின் கடைசிப் பக்கம் போட்டுவிட்டாள். போன மாதம் ஞானஸ்நானம் வாங்கிய குழந்தைகளெல்லாம் அக்காவின் மூச்சோடுதான் வளரப் போகிறார்கள். போதகர் இந்தப் புது இடத்தைப் பற்றி ஒரு பிரசங்கம் தயார் செய்துகொண்டிருப்பதாகக் கேள்வி. நான் தடுக்கவில்லை.

நான் ஆசைப்பட்டது இதுதானே? மூன்றாம் வரி, நடுவில் நிற்காமல். சந்தோஷப்பட வேண்டியவன் நான் ஒருவன்தான். முதல் தடவை அந்த இடத்தைச் சபை நிற்காமல் கடந்தபோது எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவுதானா உங்கள் விசுவாசம் என்று கத்தலாம் போல இருந்தது. ஒரு மனிதன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உங்களுக்கு அத்தனை வருஷம் பாட்டு எடுத்தான், ஆறு மாதத்தில் தாண்டிப் போகிறீர்களே என்று ரூபி அக்காவைப் பிடித்துக் கேட்கலாம் போல இருந்தது. உங்கள் மேல் பட்ட பொறாமை போதாதென்று, உங்கள் சார்பாக வேறு பொறாமைப்பட்டுக்கொண்டிருக்கிறேன். எனக்கு எப்போதுதான் ஓய்வு?

வீட்டில் ஒருநாள் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு அந்தப் பாட்டை வாசித்தேன். நீங்கள் நிற்கிற இடத்தில் விரலை எடுத்தேன். சபை விட்டுவிட்டால் என்ன, நான் வைத்துக்கொள்கிறேன் என்றுதான் நினைத்தேன். ஒன்றும் வரவில்லை அத்தான். வெறும் இடைவெளி. கீபோர்டின் மின்சார இரைச்சல்தான் கேட்டது. கூட நின்று மூச்சு விட ஆட்கள் இல்லாமல் நீங்கள் அந்த இடத்தில் வருவதாக இல்லை. ஒற்றை ஆளுக்கு வருகிற வழக்கம் உங்களுக்கு எப்போதும் கிடையாது. திலக் நகருக்கு என் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டால்கூட வண்டி நிறைய ஆளோடுதானே வருவீர்கள்?

உங்களால் ஒன்றானவர்கள் இப்போது உங்கள் மனைவியின் மூச்சுக்குக் காத்திருக்கிறார்கள். நின்று காத்திருக்கப் பழக்கியது நீங்கள். யாருக்காக என்பதை அவர்கள் அவ்வப்போது மாற்றிக்கொள்வார்கள் போலிருக்கிறது. நாளைக்கு அக்காவுக்கும் முடியாமல் போனால் வேறு யாராவது எடுப்பார்கள், வேறு எங்காவது மூச்சு முட்டும், அங்கே நிற்பார்கள். அது நானாக இருக்காது. எனக்கு மூச்சு முட்டுவதில்லை. டாக்டரும் அப்படித்தான் சொல்கிறார்.

அதனால் உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுத்து முடிக்கிறேன். அடுத்த முதல் ஞாயிறு, அதற்கடுத்தது, என் விரல் அசைகிற வரைக்கும், அக்கா மூச்சு விடுகிற இடத்தில் நான் கட்டையிலிருந்து கையை எடுத்து அவளுக்காகக் காத்திருப்பேன். முணுமுணுக்காமல், புத்தகத்தைக் காட்டாமல், உங்களுக்குக் காத்திருந்ததைவிட ஒரு நொடி கூடுதலாக. முடிந்தால் அங்கிருந்து கொஞ்சம் பொறாமைப்படுங்கள்.

உங்கள் பின்னாலேயே சுதி தேடி ஓடிவந்த,
உங்கள் மச்சினன்
செல்வின்